நடைவழியும் நன்றி அறிதலும்

ஸ்ரீமத் ராமாயணத்தின் தொடக்கத்தில் வால்மீகி முனிவர் நாரதரை அணுகிப் பதினாறு குணங்களை வரிசையாகக் கூறி, இவையனைத்தும் நிறைந்த புருஷன் இவ்வுலகில் எவன் என்று வினவுகிறார். அவ்வரிசையில் நான்காவதாக வருவது ‘க்ருதஜ்ஞன்’ என்பது. வீரத்துக்கும் தர்மத்துக்கும் அடுத்ததாக, ஸத்யத்துக்கும் முன்பாக, முனிவர் இதனை வைத்தார். ‘க்ருதம்’ என்றால் செய்யப்பட்டது. ‘ஜ்ஞ’ என்றால் அறிபவன். திருக்குறளிலும் பதினோராம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றியறிதல் என்றே பெயர். இரு மொழிகளும் தம்முள் கலந்து பேசி முடிவு செய்தாற்போல, நன்றியை உணர்ச்சியாகக் கூறாமல் அறிவாகக் கூறியிருப்பது கவனிக்கத்தக்கது. நெஞ்சு உருகுவது வேறு. இன்னார் நமக்கு இன்னது செய்தார் என்று அறிவது வேறு. உருக்கம் ஒரு நாழிகையில் ஆறிவிடும்.

திருவிழாவுக்குக் கால்நடையாக வந்து சேர்ந்திருக்கும் பாகவதர்களிடம் இதனை விண்ணப்பிக்கக் காரணம் உண்டு. வீட்டில் இருக்கும்போது நமக்குப் பிறர் செய்வது கண்ணில் படுவதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. இலையின் முன் அமர்ந்தால் சோறு வருகிறது. நீண்ட வழியில் நடக்கப் புகுந்த பிறகோ, ஒரு செம்பு தண்ணீருக்கும் ஒரு மனிதர் வேண்டும், காலை நீட்ட ஒரு திண்ணைக்கும் ஒரு மனிதர் வேண்டும் என்பது தெரிகிறது. அதிலும் சிறு இடர் ஒன்று நேர்ந்தால்தான் முழுமையாகத் தெரிகிறது.

சென்னையிலிருந்து திருமலைக்கு நடந்து செல்வோர் பலரும் திருநின்றவூர், திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகச் செல்வது வழக்கம். ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அதன் பின்னர் அலிபிரியில் தொடங்கும் 3,550 படிகள். புரட்டாசியில் சந்நிதியை விட்டு அர்ச்சகன் நகர இயலாதாகையால், ஆவணியிலேயே சென்று திரும்பும் ஒரு கோஷ்டியோடு அடியேன் சில ஆண்டுகள் நடந்ததுண்டு. பெரிய ஆபத்து எதுவும் நேர்ந்ததில்லை. இரண்டாம் நாள் பாதத்தில் கொப்புளம் எழும். மூன்றாம் நாள் அது உடையும். மழையில் மாற்று வேஷ்டியும் நனையும். கைப்பேசி உயிரற்றுப்போய், முன்னே சென்றவர்கள் எந்தச் சத்திரத்தில் தங்கினார்கள் என்று தெரியாமல் பின்னே வருபவர்கள் ஊரைச் சுற்றுவார்கள். கோஷ்டியில் ஒருவருக்கொருவர் கடுஞ்சொல் பிறப்பதும் இவ்வேளைகளில்தான். (பெரும்பாலும் காபி கிடைக்காத காலைப் பொழுதில்.)

ஒரு முறை நகரியைத் தாண்டிச் செல்கையில், எங்களுடன் வந்த வயது முதிர்ந்த அம்மையார் ஒருவரின் செருப்பு வார் அறுந்துவிட்டது. தார்ச்சாலை கொதித்துக்கொண்டிருந்த பிற்பகல். சாலையோரத்தில் பஞ்சர் ஒட்டும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் தம் வேலையை நிறுத்திவிட்டு, பழைய டியூபிலிருந்து ஒரு பட்டையை அறுத்து, வாரைச் சேர்த்து இறுக்கிக் கட்டி, அடியில் ஆணியும் அடித்து மடக்கிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். அம்மையார் மலை இருக்கும் திசையை நோக்கிக் கைகூப்பி, “எல்லாம் ஏழுமலையான் செயல்” என்று கண்ணீர் மல்கக் கூறிவிட்டு நடந்தார். கடைக்காரரை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அவருடைய பக்தியை அடியேன் குறை கூற மாட்டேன், அக்கண்ணீர் உண்மையானது. எனினும், ‘அவன் செயல்’ என்ற சொல் அன்று அந்த மனிதரின் கையை மறைத்துவிட்டது என்பதும் உண்மை. நம்மில் பலரும் இச்சொல்லை இவ்வாறு பயன்படுத்தி வருகிறோம். பெருமாளுக்கு நன்றி கூறிவிட்டால் மனிதருக்குப் பட்ட கடன் தீர்ந்துவிட்டதாக எண்ணுகிறோம். நம் ஸித்தாந்தம் இதற்கு இடம் கொடுக்கிறதா? சேதனங்களும் அசேதனங்களும் எம்பெருமானுக்குச் சரீரம். அவன் அவற்றுக்கு உள்ளுறை ஆத்மா என்பதல்லவா உடையவர் காட்டியருளிய வழி? சரீரம் பொய்யன்று. பொய்யன்று என்று நிலைநாட்டத்தானே அத்தனை வாதங்களும் ஸ்ரீபாஷ்யத்தில் நடக்கின்றன! அந்தர்யாமியாக இருந்து தூண்டியவன் அவன் என்றால், தூண்டப்பட்டு டியூபை அறுத்த கையும் மெய்தான். கையை இல்லையாக்கிவிட்டு அவனை மட்டும் தொழுவது, கேட்பதற்கு உயர்ந்த வேதாந்தம்போல் இருந்தாலும் நம்முடைய வேதாந்தம் ஆகாது.

இதற்கு மறுபுறம் ஒரு கேள்வி எழும். உதவியவருக்கு நன்றி சரி. இடருக்கே நன்றி கூற வேண்டுமா? முள் தைத்ததும் அவன் அருளே என்று மகிழ வேண்டும் எனச் சில உபந்யாஸங்களில் கேட்கிறோம். அடியேனுக்கு இதில் தயக்கம் உண்டு.

திருமலை நம்பியின் வரலாறு யாவரும் அறிந்தது. உடையவருக்குத் தாய்மாமனும், ஸ்ரீராமாயணப் பொருள் உபதேசித்த ஆசார்யருமான அப்பெரியவர், திருவேங்கடமுடையானின் திருமஞ்சனத்துக்கு நாள்தோறும் பாபவிநாசத்திலிருந்து தீர்த்தம் சுமந்து வந்தார். ஒருநாள் வழியில் ஒரு வேடன் தாகம் என்று நீர் கேட்டான். திருமஞ்சனத்துக்கு உரியது, தர இயலாது என்றார் நம்பி. வேடன் பின்னாலிருந்து அம்பெய்து குடத்தைத் துளைத்து, ஒழுகிய நீரைப் பருகிவிட்டான். அவ்வளவு தூரம் நடந்தது வீணாயிற்று. கைங்கர்யத்துக்கு வேளையும் தப்பிற்று. நம்பி மனம் நொந்து வருந்தினார். வேடனோ, வேறோர் அம்பினால் பாறையைப் பிளந்து அருகிலேயே நீரை வரவழைத்துத் தந்து மறைந்தான். அதுவே ஆகாச கங்கை என்றும், வந்தவன் எம்பெருமானே என்றும் பெரியோர் கூறுவர்.

இவ்வரலாற்றில் அடியேன் நெஞ்சில் நிற்பது நம்பியின் வருத்தம். குடம் ஒழுகிய அந்தக் கணத்தில் அவர் மகிழவில்லை. மகிழாததற்காக எவரும் அவரைக் குறை கூறவுமில்லை. வந்தவன் இன்னான், செய்தது இன்னது என்று அறிந்த பிறகே நன்றி பிறந்தது. அறிவதற்கு முன்பே நன்றி கூறு என்று நடப்பவனை நெருக்குவது, நன்றியை வாய்ப்பாடமாக ஆக்கிவிடும்.

ஒழுகிய குடங்களுக்கெல்லாம் ஆகாச கங்கை கிடைப்பதில்லையே என்பீர்கள். உண்மை. வெறுங்குடத்தோடு திரும்பியவர்களே உலகில் மிகுதி. அவர்களுக்கு ஜடாயுவின் சரிதம் இருக்கிறது. கழுகரசன் போரிட்டான், தோற்றான், பிராட்டியை மீட்க அவனால் முடியவில்லை. பயன் என்று பார்த்தால் ராவணன் சென்ற திசையைச் சொன்னதோடு சரி. பெருமாளோ தந்தைக்குச் செய்ய வேண்டிய சரம கைங்கர்யத்தை அந்தப் பறவைக்குச் செய்தார். காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் இன்றும் அதனை நினைந்து ஸேவிக்கிறோம். செய்தது என்ன என்று அறிந்தாரேயன்றி, கிடைத்தது என்ன என்று கணக்கிடவில்லை. அதே வேளையில், பிராட்டியைப் பிரிந்ததும் நன்மைக்கே என்று அவர் சொல்லிக்கொண்டாரா? ராவணனுக்கு நன்றி கூறினாரா? கதறி அழுதார். அழுதுகொண்டே நன்றியும் செய்தார். ஒன்றுக்காக மற்றொன்றை விடவில்லை.

ஆகவே கொப்புளத்தைக் கொப்புளம் என்றே சொல்லலாம். வலிக்கிறது என்று சொல்வதால் பக்திக்குக் குறைவில்லை. அதைவிடப் பெரிய துன்பங்களின் முன்னே நாம் இன்னும் அடக்கமாக இருக்க வேண்டும். இரவில் சாலையோரம் நடந்து செல்கையில் வாகனம் மோதி உயிரிழக்கும் யாத்ரிகர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறோம். அக்குடும்பத்தாரிடம் சென்று ‘அவன் செயல்’ என்று உரைப்பது தத்துவம் அன்று, கொடுமை. நம்மை அவன் காத்தான் என்று நாம் பெருமிதம் கொள்வதும் அவர்கள் செவியில் எப்படி விழும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்விடத்தில் செய்யத்தக்கது உடனிருப்பது ஒன்றே.

நன்றி அறிவாகும்போது அதற்குச் செயலும் உண்டு. தங்கிய திண்ணையைப் பெருக்கிவிட்டுப் புறப்படுவது. அன்னதானம் இட்ட ஊரில் எச்சில் இலையைச் சாலையில் எறியாதிருப்பது. மறுநாள் காலையில் அதனைக் குனிந்து எடுக்கும் தொழிலாளியும் நமக்கு உதவியவர் என்று அறிவது. இவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து நாள் நடந்த வழியைத் திரும்புகாலில் பேருந்து சில மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. எல்லோர் மடியிலும் லட்டுப் பிரசாதம் இருக்கும். வீட்டுக்கு இத்தனை, அடுத்த வீட்டுக்கு இத்தனை, அலுவலகத்துக்கு இத்தனை என்று கணக்கு நடக்கும். அந்த ஆண்டு எங்கள் கோஷ்டியில் வந்த இளம் தம்பதியர் இருவர் நகரியிலேயே இறங்கிக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, ஒரு லட்டை அந்தப் பஞ்சர் கடையில் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியில் வருவதாகக் கூறினார்கள். அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்றாம். கடைக்காரர் முதலில் அவர்களை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. செருப்பைப் பற்றிச் சொன்ன பிறகே நினைவு வந்து, அந்த அம்மா மலை ஏறிவிட்டார்களா என்று கேட்டாராம்.