கடைமடைக்குத் தண்ணீர் சேர்ந்ததா?



பலர் கூடிச் செய்யும் வேலையில் இலக்கை எங்கே வைப்பது? அவரவர் பங்கை முடித்துவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா? இந்த வாரம் இதைச் சற்றுச் சிந்திப்போம்.

மயிலாடுதுறைக்காரர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. குறுவைக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்த ஒரு தேதி விவசாயியையும், நீர்வளத் துறையையும், டிராக்டர் ஓட்டுபவரையும், நாற்று நடும் பெண்களையும் ஒருசேர எழுப்பிவிடுகிறது. தண்ணீர் வருவதற்குள் வாய்க்கால் தூர்வார வேண்டும். விதை தயாராக வேண்டும். தெளிவான இலக்கு இருந்தால் கூட்டு வேலை நகரும் என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் கவனியுங்கள். தூர்வாரும் வேலை கிலோமீட்டர் கணக்கில் பிரிகிறது. "என் பகுதி முடிந்தது" என்று ஒருவர் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். நடுவே ஒரு மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தால், பூம்புகார், தரங்கம்பாடிப் பக்கத்துக் கடைமடை வயலில் நாற்று கருகிவிடும். கணக்கில் எல்லாம் சரி. வயலில் தண்ணீர் இல்லை.

1990இல் டெரன்ஸ் மிட்செல், வில்லியம் சில்வர் என்ற ஆய்வாளர்கள், மூவர் கொண்ட குழுக்களுக்குக் கோபுரம் கட்டும் வேலை கொடுத்தார்கள். ஆளுக்கு ஆள் தனி இலக்கு மட்டும் வைக்கப்பட்ட குழுக்களே பின்தங்கின. அங்கே ஒத்துழைப்பு குறைந்து போட்டி மிஞ்சியது. தனி இலக்கோடு பொது இலக்கும் சேர்ந்தபோது அந்தக் கேடு வரவில்லை.

அப்படியானால் பங்கு பிரிப்பதே தவறா? இல்லை. ஹிஜ்ரி 5இல் மதீனாவைக் காக்க அகழ் தோண்டியபோது, பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று பிரித்துக் கொடுக்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஓரிடத்தில் உடைக்க முடியாத பாறை குறுக்கிட்டது. தோழர்கள் வந்து சொன்னதும், நபி (ஸல்) அவர்களே இறங்கி அதை உடைத்தார்கள். அது யாருடைய பங்கு என்ற பேச்சு எழவில்லை. அகழில் ஒரு முழம் விடுபட்டாலும் எதிரிக்கு அது வாசலாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அடுத்தவர் பங்கில் உள்ள அடைப்புக்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அடைத்தது உங்கள் குற்றமல்ல. ஆனால் பார்த்த பிறகும் சொல்லாமல், கைகொடுக்காமல் கடந்து போனால், அந்த மௌனம் உங்களுடையது.

ஆகவே சகோதரர்களே! கடையிலோ, சங்கத்திலோ, மஹல்லாவிலோ ஒரு வேலையைக் கூடி எடுத்தால், முதலில் அதன் கடைமடை எது என்று கேளுங்கள். நிவாரணப் பொருள் எத்தனை மூட்டை ஏற்றினோம் என்று எண்ணுவதோடு நிற்காதீர்கள். தெருக்கோடியில் தனியே வாழும் மூதாட்டியின் வீட்டுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். அதுதான் அமானிதத்தை நிறைவேற்றுவது.

நம் உழைப்பு கடைசி மனிதர்வரை சென்று சேர அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.