நிற்கும் வடிவம், நில்லா நீர்

பேரருவி ஒன்றைக் காண மக்கள் நெடுந்தொலைவு பயணப்படுவதற்கு அழகுணர்ச்சியே காரணம் என்று சொல்லி அமைவது எளிது. ஆனால் மலர்த்தோட்டத்தின் முன் நிற்பவரிடம் தோன்றாத ஓர் அச்சமும், அவ்வச்சத்தை விட்டு விலக மனம் வராத ஈர்ப்பும் அருவியின் முன் நிற்பவரிடம் ஒருங்கே தோன்றுவதால், அந்த விளக்கம் போதாது என்பதை 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சிந்தனையாளர்களே உணர்ந்திருந்தனர். எட்மண்ட் பர்க் 1757இல் வெளியிட்ட ஆய்வில் அழகையும் உன்னதத்தையும் வேறுபடுத்தினார். அளவாலோ ஆற்றலாலோ மனிதனை மீறி நின்று அவனை அச்சுறுத்தும் பொருள், தீங்கு நேராத தொலைவில் இருக்கும்போது அவனுக்குத் தரும் நடுக்கம் கலந்த இன்பமே உன்னதம் எனப்பட்டது. இம்மானுவேல் காண்ட் 1790இல் எழுதிய தீர்ப்பாற்றல் பற்றிய நூலில், பேராற்றின் உயர்ந்த அருவியையும் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டு, உடலளவில் தன் சிறுமையை உணரும் மனிதன், எந்த இயற்கை வலிமையாலும் பணியவைக்க முடியாத அறிவும் அறமும் தன்னிடம் உண்டு என்பதையும் அப்போதே உணர்கிறான் என்றும், ஆகவே உன்னதம் இருக்குமிடம் அருவியன்று, காண்பவனின் உள்ளமே என்றும் வாதிட்டார்.

இக்கருத்து அருவியின் முன் கழியும் முதற்சில கணங்களுக்குப் பொருந்துகிறது. 1678 டிசம்பரில் வட அமெரிக்காவின் நயாகரா அருவியைக் கண்ட லூயி ஹென்னெபின் என்னும் பிரான்சிஸ்கன் துறவி, 1697இல் வெளியான தம் நூலில் அதன் உயரத்தை 600 அடிக்கு மேல் என்று குறித்தார். உண்மையில் அது 200 அடிக்கும் குறைவு. அச்சம் அளவை எவ்வாறு பெருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆயினும் கண் பழகியதும் அச்சம் தணிந்துவிடுகிறது, அச்சம் தணிந்த பின்னும் பயணி நகர்வதில்லை. தன் அறிவின் மேன்மையை எண்ணி அவன் அங்கே நிற்கிறான் என்பதும் நம்பத்தக்கதாக இல்லை. காண்ட் அருவியை மலைப்பாறை, புயல், எரிமலை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்ததால், அருவிக்கே உரிய இயல்பு ஒன்று அவர் விளக்கத்தில் விடுபட்டுப்போயிற்று.

மலை நிற்கிறது, ஆறு ஓடுகிறது. அருவியிலோ நிற்பதும் ஓடுவதும் ஒரே காட்சியாகின்றன. நயாகராவின் குதிரைலாட அருவி நேற்றிருந்த வளைவிலேயே இன்றும் தொங்குகிறது, ஆனால் நேற்று அதில் இருந்த நீரில் ஒரு துளிகூட இன்று அங்கே இல்லை. பௌத்தர்கள் கணபங்கம் என்று வழங்கிய கோட்பாடு, அதாவது எப்பொருளும் ஒரு கணமே இருந்து அழிகிறது, அழிந்ததன் இடத்தில் அதைப்போன்ற மற்றொன்று தோன்றுவதால் தொடர்ச்சி என்னும் தோற்றம் உண்டாகிறது என்பது, நூலில் கற்பவனுக்குக் கடினமானது. அருவியின் முன் நிற்பவனுக்கோ அது கண்கூடு. பௌத்த அறிஞர் வசுபந்து திரிம்சிகை என்னும் தம் நூலில், உணர்வின் அடித்தளமான ஆலய விஞ்ஞானத்தைப் பெருவெள்ளத்தின் ஓட்டத்துக்கு உவமித்தது தற்செயலன்று.

இதற்கு எதிர்வழக்கும் வலியது. 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரை இயற்றிய அருள்நந்தி சிவாசாரியார், அதன் பரபக்கம் என்னும் பகுதியில் பௌத்தப் பிரிவுகளின் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்தார். ஆன்மாவை நிலையானதாகக் கொள்ளும் மரபுகள் பொதுவாக எழுப்பும் தடை இது: காண்பவனும் கணந்தோறும் அழிபவனாயின், முன்பு கண்ட அருவியே இது என்று அடையாளம் காண்பவன் யார்? இவ்விரு வழக்குகளில் எது வெல்லும் என்பதைவிட, இரண்டும் அருவியைக் காண்பவனை நோக்கியே திரும்புகின்றன என்பதே இங்கு முதன்மையானது. ஓடும் நீரில் ஒரு வடிவம் நிலைப்பதைக் காண்பவன், மாறிக்கொண்டே இருக்கும் தன் உடலிலும் எண்ணங்களிலும் நிலைப்பது எது என்ற கேள்வியை, அதைச் சொற்களாக்க அறியாத நிலையிலும், எதிரே வைத்துப் பார்க்கிறான்; பயணிகளை அருவியின் முன் தங்கவைப்பது இதுவே எனக் கொள்வது தகும்.

நயாகராவின் அந்த வடிவமும் நிலையானதன்று. மேலே கடினமான டோலமைட் பாறையும் கீழே மென்மையான களிப்பாறையும் இருப்பதால், அடிப்பகுதி அரிக்கப்பட்டு மேற்பாறை உடைந்து விழ, சுமார் 12,000 ஆண்டுகளில் அருவி ஏறத்தாழ 11 கிலோமீட்டர் பின்னோக்கி நகர்ந்துள்ளது. 1848 மார்ச் இறுதியில், ஆறு புறப்படும் ஈரி ஏரியின் வாயிலைப் பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டதால் ஆறு வற்றி அருவி ஓய்ந்தபோது, கரையில் வாழ்ந்தோர் பலர் உலக முடிவோ என்று அஞ்சித் தேவாலயங்களில் கூடினர். முழக்கத்துக்கு அஞ்சாதவர்களாகிவிட்ட அம்மக்கள் அதன் இன்மைக்கு அஞ்சினர் என்பது, அச்சத்தையே அடிப்படையாகக் கொண்ட விளக்கங்களை நேராக மறுக்கிறது.

இக்காலத்தில் வேறொரு ஐயம் எழுகிறது. கனடாவும் அமெரிக்காவும் 1950இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, சுற்றுலாப் பருவத்தின் பகற்பொழுதில் நொடிக்கு 1,00,000 கன அடி நீரும், இரவிலும் குளிர்காலத்திலும் 50,000 கன அடி நீரும் அருவியில் குறையாது விழவேண்டும். ஆற்றின் இயல்பான ஓட்டம் ஏறத்தாழ 2,00,000 கன அடியாதலால், எஞ்சியது மின் உற்பத்திக்குத் திருப்பப்படுகிறது. குறைந்த நீரும் விளிம்பு முழுவதும் பரவி விழுமாறு மேலே மதகுகளும் அமைக்கப்பட்டன. பயணிக்காக அளந்துவிடப்படும் நீரை இயற்கை என்பது எவ்வாறு என்று கேட்பது நியாயமே. ஆனால் மனிதன் வகுப்பது நீரின் அளவையும் அது விளிம்பில் பரவுவதையுமே. விளிம்பைத் தாண்டிய நீர் விழும் விதத்தை அவன் வகுப்பதில்லை. திருப்பிவிடுதலால் பாறை அரிப்பு பெரிதும் குறைந்துள்ளதே தவிர நின்றுவிடவில்லை.

இத்தகைய தலையீட்டின் எல்லை எங்கே என்பது 1969இல் சோதிக்கப்பட்டது. நயாகராவின் மற்றொரு பகுதியான அமெரிக்க அருவியின் அடியில் குவிந்திருந்த பாறைகளை அகற்றலாமா என்று ஆராய, அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை தடுப்பணை கட்டி, ஜூன் முதல் நவம்பர் வரை அவ்வருவியை வற்றச்செய்தது. அகற்றினால் வீழ்ச்சி மேலும் உயரமாகத் தெரியும், காட்சி சிறக்கும். எனினும் ஆய்வின் முடிவில் அப்பாறைகளை இருந்தபடியே விடுவது என்று தீர்மானிக்கப்பட்டது. மேற்பாறை மேலும் சரிந்து, காலப்போக்கில் அமெரிக்க அருவி செங்குத்தாக விழுவதை இழந்து பாறைச்சரிவில் இறங்கும் ஓட்டமாக மாறக்கூடும் என்பதையும் அத்தீர்மானம் உடன்பட்டதாகிறது. அது சரியான தீர்மானம். உயரத்தைக் கூட்டுவதற்காகச் செதுக்கப்பட்ட அருவி பர்க்கும் காண்டும் கூறிய நடுக்கத்தை ஒருவேளை மிகுதியாகத் தந்திருக்கும், ஆனால் எவருடைய விருப்பத்தையும் கேளாமல் அழிந்தழிந்து தொடரும் ஒன்றின் முன் நிற்கும் வாய்ப்பைப் பயணியிடமிருந்து பறித்திருக்கும்.