கைக்குழந்தையோடு ஹஜ்ஜுப் பிரயாணம்

கைக்குழந்தையோடு மக்காவுக்குப் பிரயாணமாகும் நம்மில் பலர், "பிள்ளை அழுது அமலைக் கெடுத்துவிட்டதே" என்று சலித்துக்கொள்கிறோம். அந்தச் சலிப்பைத் தாயின் மீதும் காட்டுகிறோம். ரவ்ஹா என்னுமிடத்தில் ஒரு பெண்மணி தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, இதற்கும் ஹஜ் உண்டா என வினவினார். உண்டென்றும், அவருக்கும் நற்கூலி உண்டென்றும் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆயினும் அப்பிள்ளை பருவமடைந்து வசதியும் பெற்றால், கடமையான ஹஜ்ஜை மீண்டும் நிறைவேற்றவேண்டும்.

குழந்தையின் அழுகுரல் கேட்டதும், தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையையே சுருக்கிய நபியின் உம்மத்தல்லவா நாம்? ஆகவே சகோதரர்களே, தவாபில் பிள்ளையை நாம் சுமப்போம். தாய் தொழும்போது நாம் பார்த்துக்கொள்வோம். அதற்கும் அல்லாஹ்விடம் கூலியுண்டு. நம் பிரயாணங்களை அவன் கபூல் செய்வானாக! ஆமீன்.