உடன் வந்தாரை விட்டு ஏறலாமோ?



மலைமேல் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானை ஸேவிக்க நண்பர்கள் சிலர் கூடிப் புறப்படுகின்றனர். பாதி வழியில் ஒருவர் தளர்ந்து அமர்ந்துவிடுகிறார். "நீங்கள் செல்லுங்கள்; நான் மெல்ல வருகிறேன்" என்கிறார். மற்றவர்கள் செல்வது தர்மமா, நிற்பது தர்மமா? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆயினும் அடியேனின் நெஞ்சை நாற்பது ஆண்டுகளாக உறுத்தி வரும் கேள்வி இது.

தொண்டை நாட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான திருக்கடிகையை, அதாவது சோளிங்கரை, அன்பர்கள் அறிவர். பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்தருளிய தலம். பெரிய மலையில் யோக நரஸிம்ஹனாகப் பெருமானும், அமிர்தவல்லித் தாயாரும். சிறிய மலையில் சங்கு சக்கரம் ஏந்திய யோக ஆஞ்சநேயர். பெரிய மலைக்கு 1,305 படிகள். கடிகை என்பது ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். ஒரு நாழிகைப் பொழுது அங்குத் தங்கினாலே வீடுபேறு கிட்டும் என்பது ஐதிகம்.

ஸம்ஸ்கிருத பாடசாலையில் பயின்று வந்த காலத்தில், ஒரு சித்திரை மாதத்தில், சக மாணவர் மூவருடன் அடியேன் அம்மலை ஏறினேன். வேம்பு பூத்து உதிர்ந்து கொண்டிருந்த நாட்கள். எங்களுள் ஒருவனுக்கு இழுப்பு நோய் உண்டு. நானூறு படிகள் ஏறுவதற்குள் மூச்சு முட்டி அமர்ந்துவிட்டான். "நீ போடா, நான் வருகிறேன்" என்றான். நான் போனேன். திருப்தியாக ஸேவித்துத் திரும்பினேன். அவன் அதே படியில் அமர்ந்திருந்தான். முகத்தில் வருத்தமே இல்லை. "ஸேவை நன்றாக ஆயிற்றா?" என்று மட்டும் கேட்டான்.

அதன்பின் அவன் அம்மலை ஏறவே இல்லை. 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஏற இயலாதோர்க்கென அங்கே ரோப்கார் தொடங்கப்பெற்றது. அவனோ அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பரமபதித்துவிட்டான்.

மஹாபாரதம் அறிந்தோர் ஒரு வினா எழுப்பக்கூடும். "தர்மபுத்திரரே பின்னோக்காமல் நடந்தாரே! மஹாப்ரஸ்தானிக பர்வத்தில் திரௌபதியும், ஸஹதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் ஆகியோரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தபோது அவர் நிற்கவில்லையே!" எனலாம். உண்மையே. ஆனால் அவரே ஒரு நாயை விட்டு ஸ்வர்க்கம் புக மறுத்தார். இந்திரன் இம்முரணைச் சுட்டிக் கேட்டபோது அவர் உரைத்த விடை கவனிக்கத்தக்கது. மாண்டவர்களை மீட்க என்னால் இயலாது. ஆதலின் அவர்களை விட்டு வந்தேன். உயிரோடிருந்த காலத்தில் அவர்களை நான் கைவிடவில்லை என்பது அவ்விடையின் கருத்து. ஆகவே அவருடைய நடையை நம் அவஸரத்துக்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. என் நண்பன் உயிரோடன்றோ படியில் அமர்ந்திருந்தான்!

இனி, அந்த மலையின் நாயகனுக்கே உகந்த பக்தன் ப்ரஹ்லாதன் கூறியதைப் பார்ப்போம். ஸ்ரீமத் பாகவதம் ஏழாம் ஸ்கந்தத்தில், நரஸிம்ஹனைத் துதிக்கையில் அவன் வேண்டுவது யாது? முனிவர்கள் பெரும்பாலும் தம் முக்தியையே நாடி மௌனமாகக் காட்டில் உறைகின்றனர். பிறர் நலம் கருதுவதில்லை. நானோ எளியோரான இவர்களை விட்டுத் தனியே முக்தி பெற விரும்பவில்லை என்கிறான். முக்தியையே தனித்துப் பெற வேண்டா என்று சிறுவன் ஒருவன் எவன் திருமுன் கூறினானோ, அவன் திருமுன்னே நண்பனை விட்டுத் தனியே நின்றேன்.

எனினும், நண்பனே போகச் சொன்னானே, குற்றம் எங்ஙனம்? இதைப் பலகாலும் எண்ணிப் பார்த்தேன். "போ" என்று அவன் கூறியது அன்பு. அச்சொல்லைக் கேட்டவுடன் என் மனத்தில் தோன்றியதோ நிம்மதி. "நல்லவேளை, நிற்க வேண்டியதில்லை" என்று உள்ளம் துள்ளியது. கால்கள் ஏறியதில் குற்றமில்லை. அந்த நிம்மதியில்தான் குற்றம் இருந்தது. ஓரிரு கணம் அவனருகே அமர்ந்து, பின் கனத்த மனத்தோடு ஏறியிருந்தால் இக்கட்டுரைக்கே இடமிராது.

இவ்வாண்டு சித்திரையில் நம் குடியாத்தத்து அன்பர்கள் சிலருடன் விடியற்கால ரயிலில் புறப்பட்டுச் சோளிங்கர் சென்றேன். நடந்தே ஏறுவதென்று அனைவரும் வேண்டிக்கொண்டிருந்தோம். அவர்களுள் அறுபது கடந்த நெசவாளர் ஒருவருக்கு முழங்கால் வலி. பாதிக்கு முன்பே அமர்ந்துவிட்டார். "சாமி, நீங்கள் முன்னே போங்கள். எனக்காக ஏன் நிற்கிறீர்கள்?" என்று கடிந்துகொண்டார். "எனக்கும் மூச்சு வாங்குகிறது" என்றேன். அது பொய்யன்று. தறியைப் பற்றியும், பேத்தியின் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டு, குரங்குகளிடமிருந்து தேங்காய்ப் பையைக் காத்தபடி, ஏறக்குறைய ஒரு நாழிகை அமர்ந்திருந்தோம். பின்னர் அவரை முன்னே விட்டு, அவர் அடி வைக்கும் வேகத்திலேயே நாங்கள் பின்தொடர்ந்தோம்.

இதனால் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். மேலே வரிசை நீண்டிருந்தது; ஸேவை கணநேரமே வாய்த்தது. ஆஞ்சநேயரின் சிறிய மலையை ஏறப் பொழுதில்லை, கீழிருந்தே கைகூப்பினோம். ஆனால் "ஸேவை ஆயிற்றா?" என்று எவரும் எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்பர்களே! காத்திருத்தலையும் ஒரு பெருமையாக்கி, தளர்ந்தவரைக் கடனாளியாக்கிவிடக் கூடாது. அவருக்குத் தெரியாமலேயே நம் வேகத்தைக் குறைத்துக்கொள்வதே உயர்ந்தது. இல்லறத்திலும், தொழிலிலும், உறவிலும் நாம் அனைவரும் ஏதோ ஒரு மலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறோம். உடன் வருவோரில் ஒருவர் "நீ போ" என்று கூறும் நாளில், நம் உள்ளம் துள்ளுகிறதா, கனக்கிறதா என்பதை ஒருமுறை சோதித்துக்கொள்வோமாக.

நண்பனுக்கு அன்று நான் தராத ஒரு நாழிகையை எம்பெருமான் பொறுத்தருள வேண்டும். அனைவருக்கும் அவன் திருவருள் கிட்டப் பிரார்த்திக்கிறேன்.