உண்போர் அளவும் படைப்போர் அளவும்

வீட்டில் சமைத்த உணவின் கலோரியைக் கணக்கிடுவது கூட்டலும் வகுத்தலும் மட்டுமே சார்ந்த வேலையாகத் தோன்றினாலும், ஒருவர் எவ்வளவு உண்ணலாம் என்பதை முடிவுசெய்யும் உரிமை யாருக்கு உண்டு என்ற பழைய அறக்கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது. உணவியலில் கலோரி என்று வழங்குவது உண்மையில் கிலோகலோரி. அதாவது, ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர், உணவை எரிக்கும்போது வெளிப்படும் வெப்பத்திலிருந்து உடல் பயன்படுத்தாமல் வெளியேற்றுவதைக் கழித்து, ஒரு கிராம் மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4, கொழுப்புக்கு 9 என வகுத்த மதிப்புகளே இன்றைய கணக்குகளுக்கும் அடிப்படையாக உள்ளன. இந்திய உணவுப் பொருள்களின் பகுப்பாய்வு நீலகிரியின் குன்னூரில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தது. அக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

இத்தகைய பகுப்பாய்வு தரும் அட்டவணைகளைக் கொண்டு ஒரு சட்டி சாம்பாரைக் கணக்கிடுபவர் பொருள்களைச் சமைப்பதற்கு முன்பே எடைபோட வேண்டும். 100 கிராம் துவரம் பருப்பு ஏறத்தாழ 330, 15 கிராம் எண்ணெய் 135, 200 கிராம் காய்கள் சுமார் 60 என்று கொண்டால் மொத்தம் 525 கிலோகலோரி ஆகும். கொதித்து இறக்கிய சாம்பார் ஒரு கிலோ இருந்தால், 150 கிராம் கொண்ட ஒரு கரண்டிக்கு ஏறத்தாழ 80 கிலோகலோரி என்று வகுக்கலாம். நீருக்குக் கலோரி இல்லை என்பதால், அது எடையைக் கூட்டுமே தவிர மொத்தத்தை மாற்றாது. ஆயினும் இது சராசரிதான்: அடியில் தங்கிய பருப்பு யாருக்குப் போனது, மேலே நின்ற தெளிவு யாருக்கு மிஞ்சியது, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்டவருக்கு எத்தனை கரண்டி கிடைத்தது என்பவற்றை அந்த வகுத்தல் காட்டாது.

கணக்கு இன்னும் துல்லியமானாலும், உணவில் எவ்வளவு ஆற்றல் உள்ளது என்பதிலிருந்து எவ்வளவு போதும் என்ற முடிவு தானாகப் பிறப்பதில்லை. முன்னது உணவைப் பற்றிய விவரம், பின்னது உண்பவரைப் பற்றிய தீர்ப்பு. இந்தியச் சமய, மருத்துவ மரபுகள் இரண்டாவதைத்தான் முதன்மையாக ஆராய்ந்தன. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான மருந்து, முன்பு உண்டது செரித்ததை அறிந்தும் அளவை அறிந்தும் உண்பதை உடல் நலத்தின் அடிப்படையாக வைக்கிறது. வாக்படரின் அஷ்டாங்க ஹ்ருதயம் வயிற்றை நான்கு பங்காக்கி, இரண்டைத் திட உணவுக்கும் ஒன்றை நீர்மத்துக்கும் ஒதுக்கி, எஞ்சிய ஒன்றைக் காற்றுக்கு விடச் சொல்கிறது. சமணத்தில் அவமோதரியம், அதாவது வயிறு நிறையுமுன் நிறுத்திக்கொள்ளுதல், புறத்தவங்களுள் ஒன்று. ஆணுக்கு 32 கவளம் நிறைவுணவு என்று கொண்டு, அதில் ஒன்று குறைத்தாலும் அது தவமாகும் என்கின்றனர். ஆகவே எண்ணி உண்பது நவீன அறிவியலுக்கு முன்பே வழக்கில் இருந்ததுதான்.

இவ்வகை அளவின் இயல்பைப் பௌத்தரின் சம்யுத்த நிகாயம் கூறும் ஒரு நிகழ்ச்சி விளக்குகிறது. பெருந்தீனி உண்டு மூச்சு வாங்கிய நிலையில் தம்மிடம் வந்த கோசல மன்னன் பசேநதிக்குப் புத்தர், அளவறிந்து உண்பதன் நன்மையைச் செய்யுளாகச் சொல்ல, மன்னன் சுதஸ்ஸனன் என்ற இளைஞனை அதை மனப்பாடம் செய்யவைத்து, தான் உண்ணும் வேளைதோறும் ஓதும்படி ஏற்பாடு செய்து, அதற்கு நாள்தோறும் நூறு கஹாபணம் என்னும் காசு அளித்தான். படிப்படியாக ஒரு நாழிச் சோற்றுக்கு மேல் உண்ணாத நிலையை அவன் எய்தினான். இங்கே நினைவூட்டும் குரல் வெளியிலிருந்து வந்தாலும், அதை வைத்துக்கொண்டவனும் வரம்பை ஏற்றவனும் உண்பவனே.

அந்த வரம்பு பிறர் கையால் இடப்படும்போது அதே செயலின் அறத்தன்மை தலைகீழாகிறது. 1877இல், சென்னை மாகாணம் பெரும் பஞ்சத்தில் வாடியபோது, அரசின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணப் பணியில் உழைத்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். அந்தத் தானியம் இன்றைய அட்டவணைப்படி ஏறத்தாழ 1,600 கிலோகலோரி மட்டுமே. இந்தியாவின் வறுமைக்கோட்டை வகுத்த 1979ஆம் ஆண்டுக் குழு கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 கிலோகலோரி என்று கொண்டபோது, அளவு எதிர்த்திசையில் பயன்பட்டது: இதற்குமேல் வேண்டாம் என்று தடுக்காமல், இதற்குக்கீழ் எவரும் போகலாகாது என்று அது சொன்னது.

இவற்றிலிருந்து ஒரு நெறி தெளிவாகிறது: அளவு என்பது தனக்கு மேல்வரம்பாகவும் பிறருக்குக் கீழ்வரம்பாகவும் இருக்கும்போதே அறமாகிறது. உண்பவரை நோக்கி அளவு பேசும் அதே திருக்குறள், 9ஆம் அதிகாரமான விருந்தோம்பலில் படைப்பவருக்கு எந்த உச்ச அளவும் விதிக்காதது இதற்கு ஒத்துப்போகிறது. வீட்டுச் சமையலறையில் அளப்பவரும் படைப்பவரும் பெரும்பாலும் ஒருவரே என்பதால் இரண்டு வரம்புகளும் அங்கே ஒரே கரண்டியில் சந்திக்கின்றன. நீரிழிவு உள்ள முதியவரின் சோற்றை அவர் இசைவோடு குறைப்பது துணைசெய்தல். இசைவின்றிக் குறைப்பது, நோக்கம் நல்லதாயினும், அதிகாரம். தன் விருப்பத்தைத் தானே ஆராய்ந்து முடிவெடுக்கும் வயதை எட்டாத குழந்தையின் தட்டில் கணக்குப் பார்க்க வேண்டியது குறைவு உண்டா என்றே. குடும்பத்தின் ஆரோக்கியத்துக்காக எல்லாத் தட்டுகளையும் எடைபோடும் ஒருவர், இறுதியில் சட்டியை வழித்து உண்பவரின் பங்கைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அவருடைய கூட்டல் சரியாக இருந்தும் அளவறிதல் நிறைவேறவில்லை.