ஒரு பெயர், இரு நகரங்கள்

குகட்பள்ளியில் வாழ்பவர்க்கு ‘ஹைதராபாத்’ என்னும் பெயர் இனிக்கிறது. அதே பெயருடைய நகரம் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் உண்டு. இந்நகரம் 1591-இல் நிறுவப்பட்டது, அந்நகரம் 1768-இல். 1893 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் இங்கு எழுந்தருளினார். 1879-இல் சாது வாஸ்வானி அங்கு அவதரித்தார். இரண்டுமே மகான்களின் தொடர்பால் புனிதமடைந்தவை.

2020-இல் இங்கு வெள்ளம் சூழ்ந்தபோது நம் நெஞ்சு பதறியது. 2022-இல் சிந்து மாகாணம் வெள்ளத்தில் தத்தளித்தபோதோ அது நமக்கு வெறும் செய்தியாயிற்று. பெயர் ஒன்றாயிருந்தும் பரிவு ஒன்றாயில்லையே, ஏன்? ‘எனது’ என்னும் எண்ணம் குறுக்கே நின்றது. பெயரிடம் நாம் கொண்ட அன்பும் அந்த மமகாரத்தின் நிழலே.

உலகோர் அனைவரும் நலம்பெற நாள்தோறும் பிரார்த்திக்கிறோம். அந்த ‘அனைவரு’க்குள் எல்லைக்கு அப்பால் வாழ்வோரையும் மனமார இருத்துவோமாக.