அனுப்பிவைத்தவர் பொறுப்பு

2025 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் தலைமைச் செயலக வாசலில், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களான ஆஷாக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அப்போது 7,000 ரூபாயாக இருந்த மாத மதிப்பூதியத்தை 21,000 ஆக்க வேண்டும், வயதாகி வெளியேறும்போது கையில் 5 லட்சமாவது தர வேண்டும் என்பது கோரிக்கை. ஐம்பதாவது நாளில் சிலர் தெருவிலேயே தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள். ‘இது மத்திய அரசின் திட்டம்’ என்றது மாநிலம். ‘எங்கள் பங்கைக் கொடுத்துவிட்டோம்’ என்றது டெல்லி. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்திய ஆஷாக்களுக்கு விருது அறிவித்தபோது மட்டும் வாழ்த்துச் சொல்ல ஆளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. போராட்டம் எட்டு மாதத்துக்கு மேல் நீடித்தது.

இதைச் சம்பளப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இதற்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. ஏழைப் பெண்களை அவர்களுடைய உரிமைகளைக் கேட்க வைப்பதற்கென்று அரசுகளும் தொண்டு நிறுவனங்களும் திட்டங்கள் போடுகின்றன. அந்த வேலையைச் செய்ய ஊரிலேயே இன்னொரு ஏழைப் பெண்ணைத் தேர்ந்தெடுக்கின்றன. பிறகு மதிப்பீட்டாளர்கள் வருகிறார்கள். எத்தனை குழுக்கள், எத்தனை கூட்டங்கள், எத்தனை பெண்கள் வங்கிக் கணக்கு தொடங்கினார்கள் என்று எண்ணுகிறார்கள். அனுப்பப்பட்ட பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இருப்பதில்லை. உரிமை கேட்கச் சொல்லி ஒருத்தியை முன்னால் நிறுத்தியவர்கள், அவள் அதற்காக அடிபடும்போது பின்னால் நின்றார்களா என்பதுதான் எந்த மதிப்பீட்டிலும் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மற்றக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ராஜஸ்தானைப் போல் இதை விளக்கும் இடம் வேறில்லை. 1984இல் அந்த மாநில அரசு யுனிசெஃப் உதவியோடு பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கிராம அளவில் வேலை செய்பவர் ‘சாத்தின்’. பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத, நிலமற்ற அல்லது சிறு நிலம் கொண்ட குடும்பத்துப் பெண். மாதம் 200 ரூபாய் மதிப்பூதியம். ஊர்ப் பெண்களை ஒரு ஜமுக்காளத்தில் உட்காரவைத்துக் குறைந்தபட்சக் கூலி, குடிநீர், பட்டா, ரேஷன், குழந்தைத் திருமணம் என்று பேசவைப்பது வேலை. மேலிருந்து இலக்கு எதுவும் கிடையாது, பெண்கள் எதைப் பிரச்சினை என்கிறார்களோ அதிலிருந்து தொடங்கலாம் என்பது தொடக்கக் காலப் பெருமை. அந்தக் காலத்து அரசுத் திட்டங்களில் இது உண்மையிலேயே அபூர்வம்.

ஜெய்ப்பூருக்கு அருகில் பட்டேரி என்ற ஊரின் சாத்தின் பன்வாரி தேவி. குயவர் சமூகம். 1992இல் அட்சய திருதியையை ஒட்டி, அந்த நாளில் வழக்கமாக நடக்கும் குழந்தைத் திருமணங்களை நிறுத்த அரசு ஒரு பிரசாரம் நடத்தியது. சாத்தின்கள் களத்தில் இறக்கப்பட்டார்கள். பட்டேரியில் செல்வாக்குள்ள குர்ஜர் குடும்பம் ஒன்று ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தைக்குத் திருமணம் வைத்திருந்தது. பன்வாரி போய்ப் பேசினார். போலீஸ் வந்தது, கல்யாணம் அன்று நின்றது. போலீஸ் போனதும் பின்னிரவில் நடந்தேறியது. மாதாந்திர அறிக்கை எழுதுகிறவருக்கு இது ‘நிறுத்தப்பட்ட திருமணம் ஒன்று’. பன்வாரியின் குடும்பத்துக்கு ஊர்விலக்கு. அவர்கள் செய்த பானையை வாங்க ஆளில்லை.

செப்டம்பர் 22 அன்று வயலில் வேலை செய்துகொண்டிருந்த கணவரை அடித்துப் பிடித்து வைத்துக்கொண்டு ஐந்து பேர் பன்வாரியைத் தாக்கினார்கள். கூட்டுப் பாலியல் வன்முறை என்பது அவர் கொடுத்த புகார். காவல் நிலையத்தில் சாட்சியத்துக்கு வேண்டும் என்று அவர் உடுத்தியிருந்த பாவாடையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். நடு இரவில் கணவரின் தலைப்பாகைத் துணியைச் சுற்றிக்கொண்டு பக்கத்து ஊர்ச் சாத்தின் வீட்டுக்கு நடந்து போனார். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையம் பரிசோதிக்க மறுத்தது. ஜெய்ப்பூர் மருத்துவமனை நீதிபதியின் உத்தரவு கேட்டது. பரிசோதனை நடந்தபோது 52 மணி நேரம் கடந்திருந்தது.

1993 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்த உயர் நீதிமன்ற நீதிபதி, திருமணத்தைத் தடுத்ததற்கான பழிவாங்கல் இது என்றே எழுதினார். அதாவது, அரசு கொடுத்த வேலையைச் செய்ததற்கான தண்டனை. ஆனால் 1995 நவம்பரில் அமர்வு நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. உயர்சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட்டுத் தீட்டுப்படுத்திக்கொள்ள மாட்டார்கள் என்ற ரீதியில் அந்தத் தீர்ப்பின் தர்க்கம் போனது. மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் இறந்தும் போனார்கள்.

விசாகா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் இதையொட்டித்தான் உச்ச நீதிமன்றம் போயின. 1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா அமர்வு பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகளை வகுத்தது. 2013இல் அது சட்டமாயிற்று. இன்று சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புகார்க் குழு இருக்கிறது என்றால் அதன் வேர் பட்டேரி வயலில் இருக்கிறது. எந்த மதிப்பீட்டு நிபுணரும் இதை ‘கொள்கை அளவிலான தாக்கம்’ என்று கொட்டை எழுத்தில் போடுவார். போடட்டும். அந்தத் தாக்கத்துக்கு விலை கொடுத்தவருக்கு நீதி கிடைக்கவில்லை என்பதையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும் அல்லவா?

தமிழ் மரபுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. தெரிந்து வினையாடல் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு காரியத்தை எடைபோடும் வரிசையைச் சொல்கிறார். செய்கிறவரை ஆராய்வது முதலில், செயலை ஆராய்வது அதன் பிறகு, காலம் அதற்கும் பின். நம் திட்ட அறிக்கைகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, செய்கிறவரைக் கடைசிப் பக்கத்து நன்றியுரையில் வைக்கின்றன. தெரிந்து செயல்வகையில் இன்னும் கறாராகவே பேசுகிறார்: வரப்போகும் லாபத்தை நினைத்துக் கையிலிருக்கும் முதலை இழக்கும் செயலில் அறிவுடையவர்கள் இறங்க மாட்டார்கள் என்று. பெண்களின் உரிமைக்கான திட்டத்தில் முதல் என்பது நிதி ஒதுக்கீடா? துணிந்து முன்வந்த அந்த ஒரு பெண்தான் முதல். அவளை இழந்துவிட்டு ஈட்டுவதை லாபக் கணக்கில் சேர்ப்பது வள்ளுவர் கணக்கில் நட்டம்தான்.

இளங்கோவடிகள் காட்டும் பாண்டியன் தவறான தீர்ப்பு வழங்கியவன். ஆனால் ஒரு தனிப்பெண் சிலம்பை உடைத்துச் சான்று காட்டியபோது, தன் கொல்லன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவன் வாதாடவில்லை. ‘துறைக்கு இதில் பொறுப்பில்லை’ என்று குறிப்பும் அனுப்பவில்லை. பிழை தன்னுடையது என்று ஏற்று அங்கேயே உயிர்விட்டான். மனுநீதிச் சோழன் கதையில் தேரை ஓட்டியவன் இளவரசன், பொறுப்பேற்றவன் அரசன். ஏவியவனுக்கும் ஆள்பவனுக்கும் பொறுப்பு உண்டு என்பதைச் சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறார். ராஜஸ்தான் அரசு எடுத்துக்கொண்டதோ வேறு நிலை. சாத்தின் அரசு ஊழியரல்லர், தன்னார்வலர். ஆகவே ஊழியருக்கு உரியது எதையும் கேட்க முடியாது. 1990இல் சாத்தின்கள் சங்கம் வைத்து ஊதிய உயர்வு கேட்டுப் போராடியபோதும் இதே பதில்தான். பக்கத்து வயல்காரனிடம் குறைந்தபட்சக் கூலி கேள் என்று ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தர அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அந்தப் பாடத்தை அனுப்பியவரிடமே ஒப்பித்ததும் அது ஒழுங்கீனமாகிவிட்டது.

உரிமைக் கல்வி பலித்ததா என்று அறிய இதைவிடத் துல்லியமான சோதனை உண்டா? ஒரு மதிப்பீட்டாளர் நேர்மையானவராக இருந்தால், சாத்தின்கள் ஊதிய உயர்வு கேட்டுப் போராடியதைத் திட்டத்தின் வெற்றிப் பட்டியலில் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

மதிப்பீட்டாளர்களுக்கும் இதில் அறம் உண்டு. காது கசக்கும் சொல்லைப் பொறுக்கிற அரசனின் குடைக்கீழ்தான் உலகம் தங்கும் என்பது இறைமாட்சி அதிகாரத்தின் கருத்து. இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுக்க எதிரி இல்லாவிட்டாலும் கெடுவான் என்பது பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் வருவது. வள்ளுவர் சொல்லும் இடித்துரைப்பவரின் இருக்கையில்தான் இன்று மதிப்பீட்டு நிபுணர் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவருக்குக் கூலி கொடுப்பது யார்? பெரும்பாலும் திட்டத்தை நடத்துகிறவரே, அல்லது அவருக்கு நிதி தருகிறவரே. அடுத்த ஒப்பந்தமும் அவரிடமிருந்துதான் வர வேண்டும். இந்த நிலையில் அறிக்கையில் ‘சவால்கள்’ என்ற தலைப்பில் அரைப் பக்கம் ஒதுக்குவதோடு இடித்துரை முடிந்துவிடுகிறது. வேலையை விட்டுப் போன பெண், மிரட்டப்பட்டு ஊரைவிட்டுப் போன குடும்பம், குழுவிலிருந்து விலக்கப்பட்டவள் என்று யாரையும் மதிப்பீட்டாளர்கள் தேடிப்போவதில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் எல்லாத் திட்டமும் நல்ல திட்டம்தான்.

எண்களும் வேண்டும் என்பார்கள். அதுவும் சரிதான், பொதுப்பணம் போகிற இடத்தில் கணக்கு கேட்கத்தான் வேண்டும். ஹைதராபாத்தின் 104 குடியிருப்புகளில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, நுண்கடன் வாங்கியதால் வீட்டில் பெண்ணின் முடிவெடுக்கும் உரிமை கூடவில்லை என்று காட்டியது. பெண்களைத் தலைநிமிர்த்தும் மந்திரமாக நுண்கடன் பேசப்பட்ட காலத்துக்கு அந்தக் குளிர்ந்த நீர் தேவைப்பட்டது. ஆனால் கடன் தவணைக்கு மிரட்டப்பட்ட பெண்ணின் அச்சத்தைச் சராசரி சொல்லாது.

எண்கள் நன்றாக இருந்தால் திட்டம் பிழைக்கும் என்பதும் உறுதியில்லை. ராஜஸ்தான் அனுபவத்திலிருந்து பாடம் எடுத்துக்கொண்டு 1989இல் மத்தியக் கல்வித் துறை மகிளா சமாக்யா என்ற திட்டத்தைத் தொடங்கியது. நெதர்லாந்து அரசின் நிதி, இலக்கு வைக்காத அணுகுமுறை, தலித், பழங்குடிப் பெண்களின் சங்கங்கள். உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் படிக்காத பெண்கள் கைபம்பு பழுதுபார்க்கக் கற்றார்கள். குஜராத்தில் பெண்களே நடத்தும் ‘நாரி அதாலத்’கள் தோன்றி, குடும்ப வன்முறை வழக்குகளைப் பஞ்சாயத்து ஆண்களின் கையிலிருந்து வாங்கின. 2014இல் அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனம் தேசிய அளவில் மதிப்பிட்டு நல்ல சான்றே தந்தது. 2016இல் மத்திய அரசு, ஊரக வாழ்வாதார இயக்கத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லி நிதியை நிறுத்தியது. ஆண்டுக்கணக்கில் ஊர்ப் பெரியவர்களைப் பகைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள், பகையை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இந்த வெளியேற்றத்தை மதிப்பிட எந்தக் குழுவும் போகவில்லை என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மூடிய திட்டத்துக்கு யார் மதிப்பீட்டுக் கட்டணம் தருவார்கள்?

பின்னால் நிற்பது என்றால் என்னவென்று புதுக்கோட்டையைப் பார்த்தால் புரியும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில், குவாரிகளில் கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகை கிடைத்தது. ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் வெறும் துணிச்சலை மட்டும் நம்பிப் போகவில்லை. அரசு முத்திரை பதித்த காகிதம் கையில் இருந்தது. உரிமை என்று மேடையில் சொல்லிவிட்டுக் காகிதத்தைப் பிறகு பார்க்கலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

ஆகவே எந்தத் திட்டத்தையும் மதிப்பிடப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியவை சாதாரணமானவை. முன்னணியில் நிற்கும் பெண்ணுக்கு வாழத்தக்க கூலி உண்டா? தாக்கப்பட்டால் வழக்கறிஞருக்குப் பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும்? ஊர்விலக்கு வந்தால் யார் ஊருக்குப் போய்ப் பேசுவார்கள்? திட்டம் முடிந்த மறுநாள் அவள் யாரைக் கூப்பிடுவாள்? நிதித் துறை இதற்கெல்லாம் பணம் இல்லை என்று சொல்லும். ஆண்டறிக்கையைப் பளபளக்கும் தாளில் வண்ணத்தில் அச்சிட இருந்த பணம்தான் அது.

தன்னார்வலருக்குச் சட்டத்தில் இடமில்லை என்ற சாக்கும் செல்லாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைப் பொறுத்தவரை, சம்பளம் இல்லாமல் தன்னார்வமாக வேலை செய்கிறவரையும் ஊழியர் என்றே வரையறுக்கிறது. வேலையின் பொருட்டு அவர் போகும் இடத்தையும் பணியிடத்துக்குள் சேர்க்கிறது. மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது. ஊர் ஊராக, வீடு வீடாகப் போகும் ஆஷாவுக்கும், தமிழ்நாட்டின் மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரைப் பையோடு போகும் தன்னார்வலருக்கும் இது பொருந்தும். அந்தக் குழுவின் முகவரி அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று அடுத்த மதிப்பீட்டுக் குழு கேட்டு எழுதட்டும். கூட்டங்களின் எண்ணிக்கையை அதன் பிறகு எழுதிக்கொள்ளலாம்.